அசையாத கையும் உழைக்கிறது

"நான் ஒரு வேலையும் செய்யலைங்க, சும்மா போனைத்தான் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்." முழங்கையின் வெளிப்பக்கத்தை அமுக்கியபடி எங்கள் பிசியோதெரபி மையத்துக்கு இந்த வாரமும் ஒரு அம்மா வந்து இதையே சொன்னார். இரண்டு மாத வலியாம். எண்ணெய் தேய்த்து நீவியாயிற்று, சொடுக்கும் எடுத்தாயிற்று. போதாததற்கு யாரோ சொன்னார்கள் என்று ரப்பர் பந்து வேறு வாங்கி அமுக்கிக்கொண்டிருக்கிறார். வலி கூடாமல் என்ன செய்யும்?

கை அசையவில்லை என்றால் தசைக்கு ஓய்வு என்று நினைக்கிறீர்களே, அது தவறு. அசையாமல் இருப்பது மூட்டுதான். அதை அசையாமல் நிறுத்தி வைப்பதே தசைகளின் வேலை, அதுவும் பல தசைகள் சேர்ந்து செய்கிற வேலை.

நம்பாதவர்கள் இப்போதே பாருங்கள். வலது முன்கையின் வெளிப்பக்கம், முழங்கைக்கு மூன்று விரல் கீழே, இடது கை விரல்களை வையுங்கள். வலது கையை இறுக்கி மூடுங்கள். விரல்களுக்குக் கீழே தசை கல்லாகிறதா? விரல்களை மடக்கும் தசைகள் முன்கையின் உள்பக்கம் இருக்கின்றன. பிறகு வெளிப்பக்கம் ஏன் இறுகுகிறது? விரல்களை இழுக்கும் நாண்கள் (தசையை எலும்போடு இணைக்கும் கயிறு போன்றவை) மணிக்கட்டைத் தாண்டிப் போவதால் அதையும் சேர்த்து மடக்கப் பார்க்கும். வெளிப்பக்கத் தசைகள் மணிக்கட்டை மடங்க விடாமல் பின்னால் இழுத்து நிறுத்துகின்றன. மணிக்கட்டை முழுக்க உள்ளே மடக்கிக்கொண்டு கையை மூடிப் பாருங்கள், பிடியில் வலுவே இருக்காது.

ஆக, எதை இறுக்கிப் பிடித்தாலும் வெளிப்பக்கத் தசைகளுக்கும் சுமைதான். அவற்றின் நாண் முழங்கையின் வெளி எலும்பு முனையில் ஒட்டியிருக்கிறது. டென்னிஸ் எல்போ என்கிற முழங்கை வலி வருவது அங்கேதான். டென்னிஸ் மட்டையைத் தொட்டே பார்க்காதவர்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது, பெரும்பாலும் 35 முதல் 50 வயதுக்குள். வலியோடு பந்தை அமுக்குவது நொந்த இடத்தையே மறுபடி இழுப்பது.

இன்னொன்று. அசைகிற தசை இறுகித் தளர்வதால் ரத்தம் வந்து போகும். இறுகியே இருந்தால் உள்ளே ரத்தக் குழாய்கள் நசுங்கும், தசை சீக்கிரம் களைத்துவிடும். கை நடுங்குவது அந்தக் களைப்பால்தான். அப்போதும் வைராக்கியமாகப் பிடித்திருக்காதீர்கள், இறக்கி வையுங்கள். பாரம் தாங்கும்போது மூச்சை அடக்காதீர்கள், ரத்த அழுத்தம் ஏறும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

பையை உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும்படி, முழங்கையை உடம்போடு ஒட்டித் தூக்குங்கள். கை மாற்றுங்கள். போனை எதிலாவது சாய்த்து வையுங்கள். வண்டியின் கைப்பிடியை நெரிக்க வேண்டாம். தயவுசெய்து சொடுக்கெடுக்கப் போகாதீர்கள். அசையாமல் தாங்கும் பயிற்சியை நாங்களே சிகிச்சையாகத் தருகிறோம்தான், ஆனால் எவ்வளவு பாரம், எத்தனை விநாடி என்று உங்கள் கையைப் பார்த்துத்தான் சொல்வோம்.

விரல்கள் மரத்துப்போனாலோ, கழுத்திலிருந்து வலி இறங்கினாலோ மருத்துவரைப் பாருங்கள். கைவலியோடு நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தால் எங்களிடம் வரவே வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.