பிறபொருளெதிரி: சொந்தச் சுரப்பிக்கே எதிரியானால்?

உவர்மலையில் இருக்கும் மச்சாளுக்கு இது மூன்றாம் மாதம். இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் ‘தைரொயிட் அன்டிபொடி பொசிட்டிவ்’ என்று இருந்தது. அவளுடைய மூத்த பெடியன் விஞ்ஞானப் புத்தகத்தைப் புரட்டித் தமிழ் சொன்னான்: பிறபொருளெதிரி. மச்சாளின் முகம் கறுத்துப் போனது. “பிறபொருள் எண்டா வயித்தில இருக்கிற பிள்ளையோ?”

இல்லை. ஆனாலும் அப்படிக் கேட்க வைத்தது அந்தச் சொல்தான்.

அன்டிபொடி என்பது கிருமிகளை எதிர்க்க உடல் செய்யும் புரதம். ‘அன்டி’ என்றால் எதிர், ‘பொடி’ என்றால் உடல். 1891இல் பௌல் ஏர்லிக் ஜெர்மன் மொழியில் ‘அன்டிகோர்ப்பர்’ என்று எழுதினார்; ஆங்கிலச் சொல் அதன் நேர்பெயர்ப்பு. அதில் ‘பிற’ எங்கும் இல்லை. தமிழில் ஆக்கியவர்கள் சேர்த்தார்கள். கிருமியைப் பற்றிப் பேசும்வரை அது அழகான சொல். ஆனால் இந்த அன்டிபொடி மறிப்பது வெளியாளை அல்ல. கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி ஓமோன் செய்ய உதவும் பெரொக்சிடேஸ் என்ற சொந்த நொதியத்தை. கோட்டைக் காவல்காரன் வீட்டுக்காரனையே வாசலில் பிடித்த கதை. தமிழ்நாட்டின் ‘எதிர்ப்பொருள்’ இந்தச் சிக்கலில் மாட்டாது. நான் ‘தைரொயிட் தன்னெதிரி’ என்பேன்.

தைரொயிட்டுக்குக் ‘கேடயச் சுரப்பி’ பொருத்தமே. கிரேக்கத்தில் ‘தைரா’ கதவு. ‘தைரியோஸ்’ கதவு மாதிரி நீண்ட கேடயம். 1656இல் தோமஸ் வார்ட்டன் சுரப்பிக்கு அந்தப் பெயரை வைத்தார்.

சரி, பிள்ளைக்கு என்ன? முதல் 12 கிழமை அளவுக்குப் பிள்ளை தாயின் ஓமோனையே நம்பியிருக்கும். தாயின் சுரப்பி கூடுதலாக உழைக்க வேண்டிய அந்த நேரத்தில், தன்னெதிரி உள்ள சுரப்பி சிலவேளை ஈடுகொடுக்காது. தன்னெதிரி உள்ள பெண்களிடையே கருச்சிதைவும் குறைமாதப் பிரசவமும் கூடுதலாகக் காணப்படுகின்றன. அதற்காகப் பொசிட்டிவ் என்றதும் மாத்திரை விழுங்கத் தேவையில்லை. முன்பு கருச்சிதைவோ குழந்தைப்பேற்றுத் தடையோ இருந்த, ஆனால் சுரப்பி ஒழுங்காக வேலை செய்த பெண்களுக்குக் கருத்தரிக்க முன்பிருந்தே தைரொக்சின் என்ற தைரொயிட் ஓமோன் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். 2019இல் வெளியான அந்தப் பிரித்தானிய ஆய்வில் உயிரோடு பிறந்த பிள்ளைகளின் விகிதம் கூடவில்லை. தைரொயிட்டை வேலை செய்யத் தூண்டும் ரி.எஸ்.எச். என்ற ஓமோனின் அளவைக் கவனிப்பதுதான் முக்கியம். கர்ப்பத்தின் முதற்பாதியில் ஏறக்குறைய நாலு கிழமைக்கு ஒருமுறை பார்ப்பார்கள்.

மச்சாளுக்கு அது சரியாகவே இருந்தது. அடுத்த திகதியைக் கிளினிக் கொப்பியில் குறித்துக்கொண்டாள். பெடியனிடம் மட்டும் சொல்லி வைத்தேன்: சோதனையில் பிறபொருளெதிரி என்றே எழுது, தன்னெதிரிக்குப் புள்ளி போடமாட்டார்கள்.