புளி முந்தினால் பருப்பு வேகாது

விருந்தாளி வரும் நாளில்தான் பருப்பு வேகாது. குக்கர் ஆறேழு விசில் அடித்து ஓய்ந்திருக்கும். திறந்து பார்த்தால் அடியில் துவரம்பருப்பு முழுசு முழுசாகக் கிடக்கும், மஞ்சள் தண்ணீர் மேலே தனியாக நிற்கும். உடனே வீட்டில் விசாரணை தொடங்கிவிடும். கடைக்காரர் பழைய சரக்கைத் தள்ளிவிட்டார், கேஸ்கட் போய்விட்டது, போர் தண்ணீர் சரியில்லை, உப்பை முன்னாடியே போட்டதுதான் தப்பு என்று ஆளுக்கொரு காரணம். இவற்றில் முக்கால்வாசி உண்மையாக இருக்க வாய்ப்புண்டு. ஒன்று மட்டும் பெரும்பாலும் வீண்பழி. அது எது என்று பிறகு பார்ப்போம்.

முதலில், பருப்பு மசிவது என்றால் உள்ளே என்ன நடக்கிறது? பருப்பு முழுக்கச் சின்னச் சின்ன செல்கள். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மாவுச்சத்தும் புரதமும் அடைத்துக் கிடக்கின்றன. செங்கல்லுக்கு நடுவே சிமென்ட் பூசியதுபோல், செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே பெக்டின் என்ற பசை இருக்கிறது. கொதிக்கும் தண்ணீரில் இந்தப் பசை கொஞ்சம் கொஞ்சமாக அறுந்து கரைகிறது. செல்கள் ஒன்றை ஒன்று விட்டுப் பிரிகின்றன. நாம் மசிதல் என்று சொல்வது பெரும்பாலும் இந்தப் பிரிவைத்தான். செல்கள் உடைவதில்லை, விலகுகின்றன. அதனால்தான் நன்றாக வெந்த பருப்பு கரண்டியால் தட்டினாலே வெண்ணெயாகிவிடுகிறது. அரைவேக்காட்டுப் பருப்பை மிக்ஸியில் போட்டு எவ்வளவு ஓட்டினாலும் நாக்கில் நறநறவென்று நிற்கிறது. மிக்ஸி கத்தியால் வெட்டும், அவ்வளவுதான். பசையைக் கரைப்பது அதன் வேலை இல்லை.

ஆக, பருப்பு வேகவில்லை என்றால் பெக்டின் கரையவில்லை என்று பொருள். அதைக் கரையவிடாமல் பிடித்து வைப்பது யார் என்பதுதான் கேள்வி.

முதல் ஆள் புளி. புளியின் சதையில் 8 முதல் 18 சதவீதம் வரை டார்டாரிக் அமிலம் இருக்கிறது. பெக்டின் அறுபடும் வேகம் சுற்றியிருக்கும் தண்ணீரின் புளிப்பைப் பொறுத்து மாறும். சாதாரணத் தண்ணீரில் மளமளவென்று அறுபடும். லேசான புளிப்பில், அதாவது பிஹெச் அளவு 4-ஐ ஒட்டி இருக்கும்போது, கிட்டத்தட்ட கல்லாக நிற்கும். தக்காளிச் சாறும் புளிக்கரைசலும் வந்து விழுவது ஏறக்குறைய அந்தப் பக்கத்தில்தான். அதனால், பாதி வெந்த பருப்பில் புளித்தண்ணீரை ஊற்றிவிட்டு "கொதிக்கக் கொதிக்க வெந்துவிடும்" என்று காத்திருப்பதில் பலனே இல்லை. அரை மணி நேரம் கொதித்தாலும் அது அதே பாதி வேக்காட்டில் இருக்கும். பருப்பைத் தனியாக வேகவைத்து மசித்து, புளி கொதித்த பிறகு சேர்க்கும் வழக்கம் சும்மா வந்ததில்லை.

சாம்பாரில் உருளைக்கிழங்கு கடுக்கென்று நிற்பதற்கும் இதே காரணம். காயைப் புளித்தண்ணீரிலேயே வேகவைக்கும் வீடுகள் நிறைய உண்டு. கத்திரிக்காய், வெண்டைக்காய், சின்ன வெங்காயம் மாதிரி இளசான காய்களுக்கு அது நல்லதுதான். குழையாமல் முழுசாக நிற்கும், வெண்டைக்காயின் வழவழப்பும் அடங்கும். உருளை, முள்ளங்கி, கொத்தவரங்காய், பீன்ஸ் இவற்றுக்கு அது ஆகாது. இவற்றை வெறும் தண்ணீரில் முக்கால் பதத்துக்கு மேல் வேகவைத்துவிட்டுத்தான் புளி ஊற்ற வேண்டும். மோர்க்குழம்பில் வெண்பூசணியைத் தனியே வேகவைத்துப் போடுவதிலும் பாதி நியாயம் இதுதான். மீதிப் பாதி மோர் திரிந்துவிடும் என்ற பயம்.

இதையே திருப்பிப் போட்டும் பயன்படுத்தலாம். உருளைக்கிழங்கைச் சதுரமாக நறுக்கி வேகவைத்தால் ஓரமெல்லாம் உதிர்ந்து கூழாகிறது என்று சிலர் அலுத்துக்கொள்வார்கள். வேகும் தண்ணீரில் ஒரு ஸ்பூன் வினிகரோ எலுமிச்சைச் சாறோ விட்டால் போதும், துண்டுகள் முனை கெடாமல் நிற்கும். நேரம் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும்.

இரண்டாவது ஆள் தண்ணீர். பெக்டின் ஒரு நீளமான சங்கிலி. கால்சியமும் மெக்னீசியமும் இரண்டு சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து இரண்டையும் சேர்த்துக் கட்டிவிடும். கடினத்தண்ணீர் என்றாலே இந்த இரண்டும் அதிகம் கரைந்த தண்ணீர்தான். குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. பல ஊர்களில் போர் தண்ணீர் இதைச் சாதாரணமாகத் தாண்டும். வாளியிலும் பாத்திரத்திலும் வெள்ளை வெள்ளையாகக் காறை படிகிறது, சோப்பு நுரைக்க மாட்டேன் என்கிறது என்றால் உங்கள் வீட்டுத் தண்ணீர் அந்த வகை. அதில் பருப்பு வேகவைப்பது, ஒரு கையால் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே இன்னொரு கையால் போடுவதற்குச் சமம்.

இதற்குத் தீர்வு எளிது. குடிக்க வைத்திருக்கும் கேன் தண்ணீரிலோ ஆர்ஓ தண்ணீரிலோ பருப்புக்கு மட்டும் இரண்டு டம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் இல்லையென்றால் போர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, தெளிந்ததை மேலாக இறுத்துப் பயன்படுத்தலாம். கொதிக்கும்போது கடினத்தின் ஒரு பகுதி காறையாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். எல்லாக் கடினமும் இப்படிப் போகாது. ஆனாலும் வித்தியாசம் தெரியும்.

கால்சியம் செய்யும் இந்தக் கட்டு வேலையை வேண்டுமென்றே பயன்படுத்தும் பண்டமும் உண்டு. ஆக்ரா பேத்தாவுக்குப் பூசணித் துண்டுகளை முதலில் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். அதன் கால்சியம் பெக்டினை இறுக்கிவிடுவதால், பிறகு சர்க்கரைப் பாகில் எவ்வளவு கொதித்தாலும் துண்டு கரைவதில்லை.

மூன்றாவது, பருப்பின் வயது. பழைய பருப்பு காய்ந்து போனதால் வேகவில்லை என்றுதான் பலரும் நினைக்கிறோம். காய்ந்தது மட்டும் காரணம் என்றால் ஊறவைத்தால் சரியாகிவிட வேண்டும், ஆவதில்லையே! உண்மையில் கெடுப்பது வெயிலும் ஈரப்பதமும் சேர்ந்த இருப்பு. பயறு வகைகளில் ஃபைட்டேட் என்ற பொருள் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்து வைத்திருக்கும். சூடான, புழுக்கமான இடத்தில் மாதக்கணக்கில் கிடந்தால் இந்த ஃபைட்டேட் சிதைகிறது. அது பிடித்து வைத்திருந்த கால்சியமும் மெக்னீசியமும் விடுபட்டு நேராகப் பெக்டினிடம் போய்ச் சேருகின்றன. அதாவது கடினத்தண்ணீர் வெளியிலிருந்து செய்ததை, பருப்பு தன் உள்ளிருந்தே செய்துகொள்கிறது. சலுகை விலை என்று பத்து கிலோ வாங்கி அடுப்புக்கு மேல் அலமாரியில் அடுக்குவது இந்தக் கோளாறைக் காசு கொடுத்து வாங்குவதுதான். சமையலறையிலேயே சூடும் ஆவியும் அதிகமான இடம் அது. மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, இறுக்கமான டப்பாவில், அடுப்பை விட்டுத் தள்ளி வையுங்கள்.

இங்கே செம்மண் கட்டிய துவரம்பருப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. துவரையை ஊறவைத்து, செம்மண் சேற்றில் பிசறி, காயவைத்து உடைப்பது பழைய முறை. தோல் சுத்தமாகப் போகும், சுவை தூக்கல் என்று தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். ஆலையில் எண்ணெய் தடவி உடைத்த பருப்பைவிட இது வேக நேரம் அதிகம் எடுக்கும். அதைப் போட்டுவிட்டு வழக்கமான விசில் கணக்கை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

இப்போது அந்த வீண்பழி. உப்பு முன்னாடி போட்டால் பருப்பு வேகாது என்று காலம்காலமாகச் சொல்லி வந்திருக்கிறோம். ஊறவைக்காத பருப்பில் நிறைய உப்பு போட்டால் தண்ணீர் உள்ளே போவது கொஞ்சம் தாமதப்படலாம். ஆனால் பெக்டின் விஷயத்தில் உப்பு நம் பக்கம். உப்பிலுள்ள சோடியம் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பெக்டினிலிருந்து நகர்த்திவிட்டு அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும். சோடியத்தால் இரண்டு சங்கிலிகளைச் சேர்த்துக் கட்ட முடியாது. கட்டு தளர்ந்துவிடும். கொண்டைக்கடலை, ராஜ்மா, மொச்சை இவற்றை ஊறவைக்கும்போது லிட்டருக்கு இரண்டு டீஸ்பூன், அதாவது 10 கிராம் உப்பு போட்டுப் பாருங்கள். மறுநாள் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு நல்ல தண்ணீரில் வேகவைத்தால் நேரமும் குறையும், தோலும் மெத்தென்று இருக்கும். குழம்பில் உப்பு போடும்போது மட்டும் கையைக் கொஞ்சம் அடக்க வேண்டும்.

சமையல் சோடா இதைவிடப் பலமான ஆயுதம். அது காரம், மிளகாய்க் காரம் இல்லை, அமிலத்துக்கு நேர் எதிரான வகை. புளி எதை நிறுத்துகிறதோ அதை இது விரட்டும். ஒரு சிட்டிகை போட்டால் முரட்டுக் கடலையும் மசிந்துவிடும். ஆனால் பி1 வைட்டமின் காரத்தில் சிதைந்துவிடும். கை தாராளமானால் சோப்பு வாடையும் வரும். பழைய கொண்டைக்கடலைக்கு எப்போதாவது என்றால் சரி. தினப்படி துவரம்பருப்புக்கு வேண்டாம். கீரை பச்சைப் பசேல் என்று இருக்கச் சோடா போடும் பழக்கத்துக்கும் இது பொருந்தும். நிறம் நிற்கும், கீரை கூழாகும்.

வெல்லமும் பெக்டினுக்குத் துணை நிற்கும் ஆள்தான். சர்க்கரை தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால், வெல்லம் விழுந்த பிறகு அரிசியோ பருப்போ அதற்கு மேல் பூரிக்காது. வெல்லத்தில் கொஞ்சம் கால்சியமும் இருக்கிறது. சர்க்கரைப் பொங்கலில் அரிசியும் பாசிப்பருப்பும் குழையக் குழைய வெந்த பிறகே வெல்லம் என்ற கண்டிப்பைத் தளர்த்தவே கூடாது. ஒருமுறை வெல்லம் போட்டுவிட்டால் அந்த விதைவிதையான அரிசியோடுதான் பண்டிகை கொண்டாட வேண்டும்.

சரி, குக்கர்? திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாது. ஊட்டி மாதிரி 2,200 மீட்டருக்கு மேல் உள்ள ஊரில் 93 டிகிரியைச் சுற்றியே கொதித்துவிடும், பருப்புக்கு அது பற்றாது. குக்கருக்குள் ஆவி அடைபட்டு அழுத்தம் ஏறுவதால் சுமார் 120 டிகிரி வரை போகிறது. இந்த 20 டிகிரி சின்ன வித்தியாசம் மாதிரி தெரியும், ஆனால் வேலை பல மடங்கு சீக்கிரம் நடக்கும். 1679-இல் டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் இதே தத்துவத்தில் ஒரு பாத்திரம் செய்து லண்டனில் காட்டினார். அவர் அதில் மெத்தென்று ஆக்கிக் காட்டியது எலும்பை.

நாம் தவறுவது விசில் எண்ணுவதில். விசில் நேரக் கணக்கு கிடையாது. அழுத்தம் அளவுக்கு மீறியதால் குக்கர் கொஞ்சம் ஆவியை வெளியே விடுகிறது, அவ்வளவுதான். தீயைக் கூட்டினால் ஐந்து நிமிடத்தில் ஆறு விசில் வாங்கலாம், பருப்புக்கு அந்த ஐந்து நிமிடம்தான் கிடைத்திருக்கும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிட்டு நிமிடத்தை எண்ணுங்கள். ஊறிய துவரம்பருப்புக்குப் பத்து நிமிடம், அப்புறம் அடுப்பை அணைத்து அழுத்தம் தானாக இறங்கும்வரை விட்டுவிடலாம். சாதத்துக்கு மேல் அடுக்கில் பருப்பு வைப்பவர்கள் இன்னும் சில நிமிடம் கூட்ட வேண்டும். விசில் வரும்போது ஆவி சூடாகியிருக்கும், ஆனால் நிறையத் தண்ணீரோடு இருக்கும் மேல் கிண்ணத்தின் நடுப்பகுதி இன்னும் சூடேறிக்கொண்டிருக்கும். வெயிட்டைத் தனியாகப் போடும் குக்கர் என்றால், ஆவி சீராகப் பீறிட்ட பிறகு போடுங்கள். முன்னாடியே போட்டால் உள்ளே காற்று மாட்டிக்கொண்டு, அழுத்தம் இருந்தும் சூடு குறையும்.

விசிலோடு மஞ்சள் தண்ணீர் பீச்சி அடுப்பெல்லாம் நாறுவது தனிக் கோளாறு. பருப்பின் புரதமும், சோப்பு மாதிரி நுரைக்கும் சபோனின் என்ற பொருளும் நுரை கட்டி மேலே ஏறுகின்றன. அரை ஸ்பூன் எண்ணெய் விட்டால் அந்த நுரை உடையும். விளக்கெண்ணெய் விடும் வீடுகளும் உண்டு. பருப்பை மசிப்பது எண்ணெயின் வேலை இல்லை, நுரையை அடக்குவதுதான். குக்கரில் நேரடியாகப் பருப்பு போட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். நுரை ஆவித்துவாரத்தை அடைத்தால் அது துடைத்துச் சரிசெய்யும் விஷயமாக இருக்காது.

ஏற்கெனவே புளி ஊற்றியாயிற்று, பருப்பு வேகவில்லை, ஆட்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால்? சோடாவைப் போட்டுப் புளியை முறிக்க நினைக்காதீர்கள். பொங்கி வழிந்து குழம்பின் ருசியும் போய்விடும். வடிகட்டியில் பருப்பையும் வேகாத காயையும் அரித்தெடுத்து, நல்ல தண்ணீர் விட்டுக் குக்கரில் ஏற்றி, மசிந்ததும் மறுபடி குழம்பில் சேர்ப்பதுதான் குறுக்குவழி. அரித்தெடுக்க முடியாத அளவு கலந்துவிட்டால் குழம்பையே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் குக்கரில் ஊற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள். 120 டிகிரி சூடு புளியின் பிடிவாதத்தைக் கொஞ்சமாவது தளர்த்தும்.

இத்தனையும் பருப்புக்கும் காய்க்கும்தான். மீனில் பெக்டின் கிடையாது. அதன் சதையைச் சேர்த்துப் பிடிக்கும் கொலாஜன் கொதிநிலைக்கு வெகு முன்பே இளகிவிடும், புளி அதைத் தடுப்பதில்லை. புளிப்பு மேல்சதையைக் கொஞ்சம் இறுக்கித் துண்டு உடையாமல் பார்த்துக்கொள்ளும். மீன் குழம்பில் புளியைப் பச்சை வாடை போகக் கொதிக்கவிட்டு, மீனைக் கடைசியில் போட்டு, ஐந்தாறு நிமிடத்தில் இறக்கிவிடலாம். கரண்டியால் கிளறாமல் சட்டியைப் பிடித்துச் சுழற்றினால் போதும்.