ஆற்றுப்படுத்துகை: ‘கவுன்சிலிங்’ என்பதன் தமிழ்

கொட்டகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில், உயர்தரம் எழுதி முடித்த மாணவி ஒருத்தி தான் கவுன்சிலராகப் போவதாகச் சொன்னபோது, லயத்து வாசலில் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்த அவளுடைய அப்பாயி, “எலக்சன் கேக்கப் போறியா புள்ள?” என்று கேட்டார். அப்பாயி மீது பிழையில்லை. மன்ற உறுப்பினரையும் மாணவருக்கு வழி சொல்பவரையும் தமிழெழுத்தில் ஒரே மாதிரித்தான் எழுதுகிறோம். ஆங்கிலத்திலோ அவை இரு வேறு சொற்கள். முன்னதன் வேர் ‘கூட்டம்’ எனப் பொருள்படும் ‘கொங்கிலியும்’ என்ற இலத்தீன் சொல், பின்னதன் வேர் ‘எண்ணிப் பார்த்துச் சொல்லும் அறிவுரை’ எனப் பொருள்படும் ‘கொன்சிலியும்’.

பின்னதற்குத் தமிழில் ஆலோசனை என்போம், அது வடசொல். ஆற்றுப்படுத்துகை என்பதோ நம் இலக்கிய மரபிலேயே கிடைக்கும் சொல். ஆறு என்றால் வழி. வழியில் செலுத்துவது ஆற்றுப்படுத்தல். ‘பெற்ற பெருவளம் பெறாஅர்க்கு அறிவுறீஇ’, அதாவது தான் பெற்ற பெருவளத்தைப் பெறாதவருக்கு அறிவித்து, என்று தொல்காப்பியம் இதற்கு இலக்கணம் சொல்கிறது. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படை என்னும் இவ்வகையைச் சேர்ந்தவை. அவற்றுள் கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாம், மலைநாட்டார் நமக்கு மிகவும் நெருக்கமானது: நன்னன் என்னும் மன்னனிடம் பரிசில் பெற்றவன், இன்னும் பெறாதவனிடம், பன்றிக்குப் பொறி வைத்திருக்கும் இடங்களை இருளில் கடக்காமல் விடிந்தபின் போகுமாறு சொல்கிறான். போ என்று ஏவுவதோடு நில்லாமல், தான் நடந்த வழியின் பள்ளத்தையும் வழுக்கலையும் சேர்த்துச் சொல்வதே இச்சொல்லின் உயிர் என்பது என் கருத்து.

தேத்தண்ணியை ஆற்றுவது போல மனச்சூட்டைத் தணிப்பதுதான் ஆற்றுப்படுத்துகை என்று சிலர் விளக்குகிறார்கள். அழகான விளக்கம்தான், ஆனால் வேர் அதுவன்று.

இலங்கை அரச வழக்கில் ‘உளவளத்துணை’ என்ற சொல்லே நிலைத்துவிட்டது. சீதுவையிலுள்ள தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தின் டிப்ளோமாவையும் இப்பெயராலேயே அறிகிறோம். பாடசாலையில் ‘வழிகாட்டலும் ஆலோசனையும்’ என்பார்கள். ஆகவே, வேலை தேடும் பிள்ளை அறிவித்தல்களில் ‘கவுன்சிலிங்’ என்று தேடினால் அகப்படுவது அரிது. துயரத்தோடு வருபவருக்கு உளவளத்துணை, பாடமும் தொழிலும் தெரிய வருபவருக்கு ஆற்றுப்படுத்துகை என்று பிரித்தே நான் எழுதுகிறேன். நம் பக்கத்துப் பாடசாலைகளில் இவ்விரண்டையும் பெரும்பாலும் ஆசிரியரே செய்வதால், பத்தனை ஸ்ரீ பாத தேசிய கல்வியியற் கல்லூரியில் ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பிப்பதும் இத்தொழிலுக்குள் நுழைய ஒரு வாசல்தான்.