இட்டேரியில் உருளுமா அந்தச் சக்கரம்?

குழந்தை வண்டி வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் அதைத் தூக்கிப் பார்க்கிறார்கள், அடுத்து மடக்கிப் பார்க்கிறார்கள். பயண ஸ்ட்ரோலர் ஆறேழு கிலோதான், ஒரு கையால் மடங்கும். பெரிய பிராம் 10 முதல் 15 கிலோ வரும், கார் டிக்கி முழுவதையும் அடைத்துக்கொள்ளும். கடையின் டைல்ஸ் தரையில் இரண்டும் வழுக்கிக்கொண்டு ஓடுவதால் சக்கரத்தை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. பார்க்க வேண்டியது அதைத்தான்.

பயண வண்டியின் சக்கரம் குறுக்கே 12 முதல் 15 செ.மீ. இருக்கும். பிராமில் முன்சக்கரம் 20 செ.மீ. அளவிலும் பின்சக்கரம் 25, 30 செ.மீ. அளவிலும் வரும். வழியில் 3 செ.மீ. உயரக் கல் ஒன்று கிடக்கிறது என்று வையுங்கள். சக்கரம் அந்தக் கல்லின் விளிம்பை ஊன்றிக்கொண்டுதான் மேலே ஏற முடியும். சக்கரம் சிறியதானால் அதன் அச்சும் தாழ்ந்திருக்கும். நாம் தள்ளுகிற விசையில் பெரும்பகுதி வண்டியை ஏற்றாமல் கல்லிலேயே முட்டி நின்றுவிடும். சக்கரத்தின் மேல் 8 கிலோ பாரம் இருந்தால், 14 செ.மீ. சக்கரத்தை ஏற்ற ஏறக்குறைய பதினொன்றரை கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். 20 செ.மீ. சக்கரத்துக்கு 8 கிலோ போதும், 30 செ.மீ. சக்கரத்துக்கு 6 கிலோ.

காங்கேயம், தாராபுரம் பக்கம் தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தினப்படி விஷயம். இட்டேரி என்பது இருபுறமும் வேலி உள்ள மண் வழி. அந்தத் தடத்தில் சரளைக்கல்லும் மாட்டுவண்டிச் சுவடும் மாறி மாறி வரும். சின்னச் சக்கரம் சுவட்டுக்குள் இறங்கினால் பாதி புதைந்து நிற்கும். அங்கே வேகமாகத் தள்ளினால் வண்டி முன்பக்கம் குப்புறச் சாயும். கைப்பிடியைக் கீழே அமுக்கி முன்சக்கரத்தைத் தூக்கி ஏற்றுங்கள். அதுவும் முடியாவிட்டால் வண்டியைத் திருப்பிப் பின்பக்கமாக இழுங்கள். இழுக்கும் கை மேலே இருப்பதால் விசையில் ஒரு பங்கு வண்டியைத் தூக்கவும் உதவும். ஆனால் தினமும் இழுத்தே காலம் தள்ள முடியாது. மண் தடத்துக்குப் பெரிய சக்கரம்தான்.

பெரிய சக்கரம் என்றதும் காற்றடைத்த டயரை வாங்கிவிடாதீர்கள். அதிர்வைத் தாங்குவதில் அதற்கு இணை இல்லை, உண்மைதான். ஆனால் கொறங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) வெள்வேல முள்ளும் நெருஞ்சி முள்ளும் கிடக்கிற ஊரில் டியூப் அடிக்கடி பஞ்சராகும். உள்ளே நுரை நிரப்பிய ரப்பர் டயரும், அச்சில் ஸ்பிரிங்கும் இருந்தால் போதும்.

அடுத்தது காற்று. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் வரை வீசும் காற்று காற்றாலைகளையே சுற்ற வைக்கிறது. வண்டியின் மேல் விரித்த வெயில் குடை பாய்மரம் போல அதைப் பிடித்துக்கொள்ளும். மணிக்கு 36 கி.மீ. காற்று 0.3 சதுர மீட்டர் குடையில் நேராக மோதினால் சுமார் 2 கிலோ விசை தள்ளும். குழந்தையோடு 20 கிலோ இருக்கும் வண்டி சமதளத்தில் உருள அரை கிலோ விசையே போதும். அதனால் ஒரு நிமிடம் நிறுத்தினாலும் பிரேக்கை மிதியுங்கள், வண்டியைக் காற்றுக்குக் குறுக்கே திருப்பி வையுங்கள், குடையை மடக்குங்கள்.

ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்குச் சக்கரத்துக்கும் முன்னால் முதுகுச் சாய்வைப் பாருங்கள். கழுத்துத் தசை உறுதிப்படாத குழந்தையை அரைகுறையாகச் சாய்த்து உட்கார வைத்தால் தலைப் பாரத்தில் தாடை நெஞ்சில் இடிக்கும், மூச்சுக்குழாய் குறுகும். மட்டமாகப் படுக்க வைக்க முடிகிற வண்டி வேண்டும். பயண ஸ்ட்ரோலர் பலவற்றில் முதுகு முழுக்கச் சாயாது.

அதற்காகப் பயண வண்டியைக் குறை சொல்லவில்லை. லிஃப்ட் உள்ள கோவை அடுக்ககம், சிஎன்ஜி சிலிண்டர் டிக்கியை அடைத்த கார், சென்னை ரயிலின் குறுகிய நடைவழி, விமானம் என்று அலைகிற வீட்டுக்கு, குழந்தை உட்காரத் தொடங்கிய பிறகு, அதைவிட வசதியானது இல்லை. விமானத்துக்குள் கொண்டுபோக, மடக்கிய அளவை அந்தந்த விமான நிறுவனத்தின் கைப்பை அளவோடு ஒப்பிடுங்கள்; பலர் 55 × 35 × 25 செ.மீ. என்று வைத்திருக்கிறார்கள். ஒன்று மட்டும் கவனம்: கைப்பிடியில் பை மாட்டாதீர்கள். கைப்பிடி பின் அச்சுக்கு 25 செ.மீ. பின்னால் இருக்கிறது, 7 கிலோ வண்டியின் எடை மையம் அச்சுக்கு 20 செ.மீ. முன்னால் இருக்கிறது என்றால், 6 கிலோ காய்கறிப் பையே அதைக் கவிழ்க்கும். குழந்தை உள்ளே இருக்கும்வரை தெரியாது. தூக்கியதும் வண்டி மல்லாந்துவிடும். பை கீழ்க்கூடையில் இருக்கட்டும்.

எந்த வண்டியானாலும் சித்திரை வெயிலில் அதன் மேல் துணி போர்த்தி மூடாதீர்கள். நிழல் கிடைக்கும், ஆனால் காற்றோட்டம் நின்று உள்ளே வெக்கை ஏறும். பக்கம் திறந்த அகலக் குடைதான் சரி.

வாங்குமுன் 10 கிலோ அரிசிப் பையை வண்டியில் வைத்து, தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, காலிடுக்கில் ஒன்று என ஐந்து முனைப் பெல்ட்டையும் மாட்டி, கடைக்கு வெளியே சரிவிலும் கல் பாவிய இடத்திலும் ஒரு கையால் தள்ளிப் பாருங்கள். முன்சக்கரம் படபடவென்று ஆடினாலும், கைப்பிடியை முறுக்கும்போது மடிப்பு மூட்டுகள் லொடலொடத்தாலும், பிரேக் போட்ட பிறகு சரிவில் ஒரு விரல்கடை நகர்ந்தாலும் அந்த வண்டி வேண்டாம்.