‘ஃப்ராலிக்’: ஆமிஷ் மக்கள் கூடிச் செய்யும் வேலை

ஆங்கிலம்-தமிழ் அகராதியில் ‘ஃப்ராலிக்’ என்று தேடினால் கும்மாளம், குதூகலம், துள்ளி விளையாடுதல் என்றுதான் வரும். அந்தப் பொருளோடு, அமெரிக்காவில் எளிமையாக வாழும் கிறிஸ்தவச் சமூகமான ஆமிஷ் மக்களைப் பற்றிப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். “புதன்கிழமை பக்கத்துப் பண்ணையில் ஃப்ராலிக்” என்று ஓர் ஆமிஷ் விவசாயி சொன்னால், அன்று அவர் சுத்தியலும் ஆணிப்பையுமாகக் கிளம்பப்போகிறார் என்று அர்த்தம். உறவினரும் அக்கம்பக்கத்தாரும் சபையாரும் கூலி வாங்காமல் ஒரு வீட்டில் கூடி, ஒரு பெரிய வேலையை முடித்துக்கொடுப்பதுதான் அவர்களுக்கு ஃப்ராலிக்.

சொல்லின் வேர் டச்சு மொழியில் இருக்கிறது. அங்கே ‘வ்ரோலிக்’ என்றால் மகிழ்ச்சியான என்று பொருள். 16ஆம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்துக்கு வந்தது. அமெரிக்காவில் குடியேறிய விவசாயிகள் மக்காச்சோளம் உரிக்கவும் போர்வை தைக்கவும் ஒன்றாகக் கூடினார்கள். வேலையோடு விருந்தும் சிரிப்பும் சேர்ந்தே நடந்ததால் அந்தக் கூட்டத்துக்கே இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு இயந்திரங்களும் கூலியாட்களும் வந்தபோது பொது ஆங்கிலத்தில் அந்தப் பொருள் மங்கிவிட்டது. ஆமிஷ் மக்கள் அதை விடவில்லை. அவர்கள் வீட்டில் பேசுவது ‘பென்சில்வேனியா டச்சு’. பெயரில் டச்சு இருந்தாலும் அது ஜெர்மனின் ஒரு வட்டார வழக்கு. அதற்குள்ளும் ஃப்ராலிக் புகுந்துவிட்டது.

இவர்கள் 1693இல் சுவிட்சர்லாந்து, அல்சாஸ் பகுதிகளில் யாக்கோப் அம்மான் என்பவரின் தலைமையில் பிரிந்துவந்த கிறிஸ்தவர்களின் வழிவந்தவர்கள். 18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் குடியேறத் தொடங்கினார்கள். சொந்தமாகக் கார் வைத்துக்கொள்வதில்லை, மின்வாரியக் கம்பியை வீட்டுக்குள் இழுப்பதில்லை. பெரும்பாலோர் காப்பீட்டு நிறுவனங்களிடமும் போவதில்லை. ஒரு குடும்பத்துக்கு நஷ்டம் வந்தால் சபைதான் தாங்க வேண்டும். ஃப்ராலிக் அவர்களுக்கு எவ்வளவு அவசியமானது என்பது இங்கேதான் புரியும்.

பனிக்காலத்தில் வயல் வேலை குறைவு. பெண்கள் ஒரு வீட்டில் கூடி, பெரிய மரச்சட்டத்தில் போர்வையை இழுத்துக் கட்டி, சுற்றி உட்கார்ந்து தைப்பார்கள். மேலே ஒட்டுத்துணி, நடுவில் பஞ்சு, கீழே அடித்துணி. மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் கைத்தையல் ஒருத்திக்கு வாரக்கணக்கில் ஆகும். ஊர்க்கதை பேசிக்கொண்டே பலர் தைத்தால் வேகமாக நகரும். பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் கவுண்டியில் (மாவட்டத்தில்) பனி உருகித் தரை சேறாகும் வசந்தத் தொடக்கத்தில் ‘சேற்று ஏலம்’ நடக்கும். குளிர்காலத்தில் தைத்த போர்வைகள் அங்கே ஏலத்துக்கு வரும். அந்தப் பணத்தால் பயன்பெறுவது உள்ளூர்த் தன்னார்வத் தீயணைப்புப் படை.

கோடைதான் பயமான காலம். இடி விழுந்தும், சரியாகக் காயாத வைக்கோல் தானே சூடேறியும் பண்ணைக் கொட்டகைகள் எரிந்துபோகும். கீழே மாடும் குதிரையும், மேலே வைக்கோல் என்று குடும்பத்தின் பிழைப்பே அந்தக் கொட்டகைக்குள் இருக்கும். தீ அணைந்ததும் அக்கம்பக்கத்தார் வந்து சாம்பலை அள்ளுவார்கள். மரம் அறுத்து, அடித்தளம் போட்டு, எல்லாம் தயாரானதும் ஒரு நாள் குறிப்பார்கள். அன்று விடியற்காலையிலேயே நூற்றுக்கணக்கில் ஆண்கள் வந்து சேர்வார்கள். அனுபவமுள்ள தச்சர் ஒருவர் குரல் கொடுக்க, கனத்த மரச்சட்டங்களைக் கழிகளாலும் கயிறுகளாலும் தூக்கி நிறுத்துவார்கள். பெண்கள் பந்தி பந்தியாகச் சாப்பாடு போடுவார்கள், பிள்ளைகள் தண்ணீர் கொண்டு ஓடுவார்கள். பொழுது சாய்வதற்குள் பெரும்பாலும் கூரையும் ஏறிவிடும். எனக்கு இதில் பெரிதாகத் தெரிவது வேகம் இல்லை. எரிந்தது யாருடைய கொட்டகை, அவர் போன தடவை நமக்கு வந்தாரா என்று யாரும் பார்ப்பதில்லை என்பதுதான்.

ஆகஸ்டில் பள்ளி திறப்பதற்கு முன் பெற்றோர் கூடிப் பள்ளிக்கூடத்தைக் கழுவித் துடைப்பதும் ஃப்ராலிக்தான். இலையுதிர்காலத்தில் ஆப்பிள் சாற்றைச் செப்புக் கொப்பரையில் ஊற்றி, ஆப்பிள் துண்டுகளையும் போட்டு, நீளமான மரத்துடுப்பால் ஆள் மாற்றி ஆள் மணிக்கணக்கில் கிண்டுவார்கள். லேகியப் பதத்துக்கு வரும் அதற்கு ஆப்பிள் பட்டர் என்று பெயர், வெண்ணெய் துளியும் கிடையாது. அப்புறம் அறுவடை முடிந்து நவம்பரில் லான்காஸ்டரில் கல்யாணங்கள் வந்துவிடும். அந்தச் சமையலும் பலர் கை சேர்ந்ததே.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘கைமாற்று’ என்று எழுதத் தோன்றும். இன்று உன் வயலில் நான், நாளை என் வயலில் நீ என்று ஆள் மாற்றிக்கொள்ளும் முறை ஆமிஷ் ஊர்களிலும் உண்டு. செப்டம்பரில் மக்காச்சோளத் தட்டையை நறுக்கித் தீவனக் கோபுரத்தில் நிரப்பும்போது சில குடும்பங்கள் சேர்ந்து பண்ணை பண்ணையாகப் போவார்கள். அதற்கு அந்தச் சொல் பொருந்தும். கொட்டகை எழுப்புவதற்குப் பொருந்தாது, அங்கே கணக்கு இல்லை. போதாததற்கு, நம் காதில் கைமாற்று என்றால் கடன். ‘ஒப்புரவு’ பொருளில் மிக நெருங்கி வருகிறது. திருக்குறளில் அது ஊருக்கு உதவி வாழ்வதைக் குறிக்கிறது. ஆனால் இன்றைய கிறிஸ்தவத் தமிழில் ஒப்புரவு என்றால் பகை நீங்கி இணைவது, கத்தோலிக்கருக்குப் பாவமன்னிப்புச் சடங்கு. ஒரு கிறிஸ்தவ சமூகத்தைப் பற்றி எழுதும்போது அது வாசகரைத் திசைதிருப்பிவிடும். ‘கூட்டுப்பணி’யில் அலுவலக வாடை அடிக்கிறது.

என் பரிந்துரை ‘ஒத்தாசைக் கூடல்’. ஒத்தாசையில் கூலியும் இல்லை, கடனும் இல்லை. கூடலில் மனிதர்கள் சேர்ந்திருக்கும் மகிழ்ச்சி இருக்கிறது. போர்வை தைக்கும் ஒத்தாசைக் கூடல், கொட்டகை எழுப்பும் ஒத்தாசைக் கூடல் என்று வேலையின் பெயரைச் சேர்த்தும் எழுதலாம். சுருக்க நினைத்து ‘கூடல்’ என்று மட்டும் எழுத வேண்டாம், அது மதுரையாகிவிடும்.