‘அய்’ என்ற ஓர் ஒலி ஏன் சிலிர்க்க வைக்கிறது?

கித்தார் கொஞ்ச நேரம் வாசித்து அடங்கும். மர நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருக்கும் பாடகர் கண்ணை மூடிக்கொண்டு ‘அய்...’ என்று இழுப்பார். இன்னும் ஒரு சொல்கூட வரவில்லை. ஆனாலும் கேட்பவருக்குக் கை மயிர் கூச்செறியும். ஸ்பானிய மொழி தெரியாத எனக்கும் அப்படித்தான்.

தெற்கு ஸ்பெயினின் அந்தலூசியாவில், கீத்தானோ எனப்படும் ரோமா மக்களின் பெரும் பங்களிப்போடு வளர்ந்த கலை ஃபிளமெங்கோ. 1749இல் ஸ்பெயின் அரசு இந்த மக்களைக் கூண்டோடு பிடித்துச் சிறையில் அடைக்கப் பார்த்தது. அந்த வலியை அறிந்தவர்களின் பாட்டில் ‘அய்’ என்பது வெறும் ஆலாபனையாக இருக்க முடியாது.

முதலில் குரல். ஃபிளமெங்கோவில் கரகரத்த, கிழிந்த குரலுக்குத் தனி மதிப்பு உண்டு. மனிதர் அலறும்போது ஒலியின் உரப்பு நொடிக்கு 30 முதல் 150 முறை வரை ஏறி இறங்குகிறது என்றும், மூளையில் அச்சத்தைக் கவனிக்கும் அமிக்டலாவை அது உசுப்புகிறது என்றும் 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அந்தக் கரகரப்பில் அலறலின் சாயல் இருப்பதால்தான் உடம்பு முந்திக்கொள்கிறது என்று நினைக்கிறேன்.

அடுத்து சுரம். கித்தார் ஏ மைனர், ஜி, எஃப், ஈ என்ற சுரக்கூட்டுகளில் (chords) படிப்படியாக இறங்கும். கடைசிப் படி அரைச்சுரம்தான். நம் காதுக்குச் சொன்னால், தோடி ராகத்தில் சுத்த ரிஷபத்திலிருந்து சட்ஜத்துக்கு இறங்குவது போல. சுர வரிசையும் பெரும்பாலும் தோடியுடையதுதான், கமகம்தான் வேறு. பாடகர் அந்த ரிஷபத்திலேயே நின்று குழைவார், இறங்கவே மாட்டார். சட்ஜம் எப்போது வரும் என்று மனம் தவிக்கும்.

அந்தத் தவிப்புதான் விஷயம். இசை கேட்டுச் சிலிர்ப்பவர்களின் மூளையைக் கனடாவின் மான்ட்ரியாலில் படம் பிடித்துப் பார்த்து, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். உச்சத்தில் மட்டுமல்ல, அதற்குக் காத்திருக்கும் நொடிகளிலேயே, மூளையின் வேறொரு பகுதியில், இன்ப உணர்வோடு தொடர்புடைய டோப்பமின் என்ற வேதிப்பொருள் சுரந்திருந்தது.

காத்திருக்க வேண்டுமென்றால் கணக்கு தெரிய வேண்டும். அதைத் தருவது ‘கொம்பாஸ்’ எனும் தாளம். ‘சொலெயா’ என்ற பாட்டு வகையில் ஒரு சுற்றுக்கு 12 எண்ணிக்கை. மெதுவாக எண்ணி 3, 6, 8, 10, 12 வரும்போது மட்டும் அழுத்தித் தட்டிப் பாருங்கள். மூன்று, மூன்று என்று அகலமாக நடந்த தாளம் இரண்டு, இரண்டு, இரண்டு என்று சட்டென நெருங்கும். ஆடுபவரின் ஆணி அடித்த காலணியும் இந்தக் கணக்கில்தான் பேசுகிறது. கைதட்டுபவர்கள், குரலை அமுக்கிவிடாமல் இருக்க, உள்ளங்கையைக் குழித்து மெல்லத் தட்டுவார்கள்.

எல்லாம் கூடிவரும் நிலையை அங்கே ‘துவெந்தே’ என்கிறார்கள். வீட்டில் உலவும் குட்டி ஆவிக்கான சொல் அது. நாம் ‘சாமி வந்துவிட்டது’ என்போமே, அதற்கு அருகில் வரும். சொலெயாவில் பாட்டு வரி பெரும்பாலும் பத்தாம் எண்ணிக்கையில் முடியும். பதினொன்றிலும் பன்னிரண்டிலும் குரல் இருக்காது. அந்த இடைவெளியில்தான் கூட்டத்திலிருந்து ஒருவர், தாழ்ந்த குரலில், பாராட்டாக ‘ஓலே’ என்பார்.