மட்டைத் தண்ணீரும் துருப்பிடித்த ஆணியும்

"தென்னங்கழிவிலிருந்து நானோ துகள் செய்து தண்ணீரைச் சுத்தம் செய்யலாமாமே, எங்கள் உப்புக் கிணறு இனிக்குமா?" என்று உச்சிப்புளி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இனிக்காது. கரைந்த உப்பை இந்தத் துகள்கள் பிடிப்பதில்லை. அதற்குச் சவ்வு வழியே வடிகட்டவோ, காய்ச்சி வடிக்கவோ வேண்டும். சாயக்கழிவு, குரோமியம் போன்ற நஞ்சுகளுக்கு எதிராகத்தான் இவை வேலை செய்யும்.

தேங்காய் மட்டை ஊறும் குழியில் தண்ணீர் கறுத்துக் கிடக்கும். மட்டையிலிருந்து டானின் என்ற துவர்ப்புப் பொருள் இறங்கிய நிறம் அது. வாழைப்பூவின் துவர்ப்பும் அதே இனம்தான். அந்தத் தண்ணீரை ஒரு டம்ளரில் எடுத்து, துருப்பிடித்த படகு ஆணி ஒன்றைப் போட்டுவைத்தேன். மறுநாள் காலையில் செந்துரு கறுத்திருந்தது, தண்ணீர் மையாகியிருந்தது. கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை காய்ச்சியவர்களுக்கு இது பழைய செய்தி.

வாசகர் கேட்ட நானோ துகளும் இரும்புதான்; ஆய்வகத்தில் அதைச் செய்ய ஆணிக்குப் பதில் இரும்பு உப்புக் கரைசல். மட்டைச் சாற்றை விட்டதும் மஞ்சள் கரைசல் கறுக்கிறது. என்னை மயக்குவது டானின் செய்யும் இரட்டை வேலை. எலக்ட்ரான்களை இழந்து நிற்கும் இரும்பு அயனிக்கு முதலில் அது எலக்ட்ரான் கொடுக்கிறது. பிறகு, உருவாகும் துகளைத் தானே போர்த்திக்கொண்டு, பக்கத்துத் துகளோடு ஒட்டிப் பெருக விடாமல் காக்கிறது. அந்தப் போர்வை இல்லாவிட்டால் மிஞ்சுவது வெறும் சேறு. துகள் சிறுக்கச் சிறுக்க மேற்பரப்பு பெருகும். 1 செ.மீ. கனசதுரத்தின் பரப்பு 6 சதுர செ.மீ.; அதையே 10 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கனசதுரங்களாக நறுக்கினால் 600 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 15 சென்ட் நிலம்! வேதிவினை அத்தனையும் அந்தப் பரப்பில்தான் நடக்கிறது. ராணிப்பேட்டை நிலத்தடி நீரைக் கெடுத்தது குரோமியத்தின் நச்சு வடிவம் (இணைதிறன் 6); அதற்கு இரும்பு எலக்ட்ரான்களைத் தருகிறது. அந்தக் குரோமியம் நஞ்சு குறைந்த வடிவாகி (இணைதிறன் 3), திடப்பொருளாக அடியில் படிகிறது.

நம் கரையோரத்தில் ஒரு சிக்கல் உண்டு. துகள்களை விலக்கி வைக்கும் மின்விலக்கத்தை உப்பு அயனிகள் மறைத்துவிடுவதால், உவர்நீரில் துகள்கள் கட்டி கட்டியாகத் திரளும். துகள்களைக் கரியில் பதித்துவிட்டால் இது குறையும். கரிக்கு நமக்கு என்ன பஞ்சம்? முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் மூட்டம் போட்டு எடுக்கும் சீமைக் கருவேலங்கரியில் மரத்தின் நீர்க்குழல்கள் அப்படியே துளைகளாக நிற்கின்றன.

காய்ச்சி வடித்த நீரில் சாயம் கலந்து சோதித்து முடிக்கும் ஆய்வுகளுக்கே பணம் போவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. உவர்நீரில் குரோமியத்தைக் கலந்து சோதிக்கட்டும். அதற்கான நீரை உச்சிப்புளிக் கிணற்றிலிருந்தே எடுக்கட்டும். பதித்த இரும்பு கசிகிறதா, அதே கரி எத்தனை முறை உழைக்கிறது என்று அளந்து சொல்பவருக்கு அடுத்த நிதியைக் கொடுங்கள்.